உஸ்பெகிஸ்தான் உலகக் கோப்பைக்குப் போவதை 48 அணிக் கணக்கில் தள்ளிவிடாதீர்கள்

தூத்தூர் விங்கர்

2026 உலகக் கோப்பைக்கான குழுப் பிரிப்பு இந்த 2025 டிசம்பரில் முடிந்துவிட்டது. கே பிரிவில் போர்ச்சுகல், கொலம்பியா, பிளே-ஆஃபில் வரப்போகும் ஓர் அணி, கூடவே உஸ்பெகிஸ்தான். இரண்டு நாளாக நம் ஆட்கள் எழுதுவதைப் படிக்கிறேன். உஸ்பெகிஸ்தானைப் பற்றி எல்லாரும் சொல்வது ஒரே வரிதான்: "32 அணியை 48 ஆக்கினார்கள், அதனால் இவர்களும் வந்துவிட்டார்கள்." எனக்கு மனசு ஆறவில்லை, அதனால்தான் தனி இழை.

இது அவர்களுக்கு 8வது முயற்சி. 1998 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றிலிருந்து 2022 வரை 7 தடவை வெளியே போனார்கள். அதில் மூன்று தடவை வாசல்படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பியவர்கள்.

2005 செப்டம்பர் 3, தாஷ்கண்ட். பஹ்ரைனுடன் ஆசிய பிளே-ஆஃப், முதல் ஆட்டம். காசிமோவ் அடித்து 1-0. இடைவேளைக்கு முன்பே ஒரு பெனால்டியும் கிடைக்கிறது. ஜெபரோவ் உதைக்கிறார், பந்து வலைக்குள். ஆனால் அவர் உதைப்பதற்கு முன்பே இன்னொரு உஸ்பெக் ஆள் பாக்ஸுக்குள் ஓடிவிட்டார். விதிப்படி பெனால்டியை மறுபடி அடிக்கச் சொல்ல வேண்டும். நடுவரோ பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. உஸ்பெக் சங்கம் புகார் கொடுத்து, 3-0 என்று வெற்றியை எங்களுக்கே எழுதுங்கள் என்று கேட்டது. ஃபிஃபா என்ன செய்தது தெரியுமா? நடுவர் விதியைத் தப்பாகப் பிடித்தார் என்று ஒப்புக்கொண்டு, மொத்த ஆட்டத்தையும் ரத்து செய்து மறுபடி ஆடச் சொன்னது. அக்டோபர் 8 அன்று மறுபடி ஆடினார்கள், 1-1. மனாமாவில் 0-0. மொத்தம் சமமானதால், வெளியூரில் போய் அடித்த கோல் கணக்கில் பஹ்ரைன் மேலே போனது. யாருக்கு அநியாயம் நடந்ததோ அவர்களே ஜெயித்த ஆட்டத்தையும் பறிகொடுத்தார்கள்.

2013 ஜூன். கடைசி நாளில் கத்தாரை 5-1 என்று அடித்தார்கள். அதே நேரம் கொரியா சொந்த ஊரில் ஈரானிடம் 0-1. இரண்டு அணிக்கும் 14 புள்ளி. கோல் வித்தியாசம் கொரியாவுக்கு 6, உஸ்பெகிஸ்தானுக்கு 5. ஒரே ஒரு கோல். அப்புறம் செப்டம்பரில் ஜோர்டானுடன் பிளே-ஆஃப், அம்மானில் 1-1, தாஷ்கண்டில் 1-1, பெனால்டியில் 9-8 என்று ஜோர்டான்.

2017ஐ நான் எழுதவில்லை. மலேசியாவில் இருந்து நம் அண்ணன் ஒருவர் அதில் ஒரு ஆட்டத்தை நேரிலேயே பார்த்தவர், அவர் வந்து எழுதட்டும்.

கணக்கு நோட்டு

விங்கர், உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும் இல்லையா. 2006 முதல் 2022 வரை ஆசியாவுக்கு நாலரை இடம், அதாவது நாலு நேரடி, பிளே-ஆஃபில் ஒரு வாய்ப்பு. இப்போது நேரடியாக 8, அதற்கு மேல் பிளே-ஆஃபில் ஒன்று. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்த மாற்றம் நடந்திருக்காவிட்டால் உஸ்பெகிஸ்தானும் ஜோர்டானும் ஒரே நாளில் தகுதி பெற்றிருக்குமா?

இன்னொன்று. முன்பு கடைசிச் சுற்றில் 12 அணிகள், 2 பிரிவு. இப்போது 18 அணிகள், 3 பிரிவு. பெரிய அணிகள் பிரிந்து போய்விடுகின்றன. ஜப்பான், ஆஸ்திரேலியா, சவுதி மூன்றும் சி பிரிவில் அடித்துக்கொண்டன, கொரியா பி பிரிவில் இருந்தது. உஸ்பெகிஸ்தானின் ஏ பிரிவில் ஈரானைத் தவிரப் பெரிய ஆள் யார்? நான் அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. வாசல் அகலமானது உண்மை என்று மட்டும் சொல்கிறேன்.

தூத்தூர் விங்கர்

நல்ல கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன்.

ஏ பிரிவில் ஈரானைத் தவிர யார் என்று கேட்டீர்கள். கத்தார் இருந்தது நண்பா. 2019லும், 2024 தொடக்கத்தில் நடந்ததிலும் தொடர்ந்து இரண்டு தடவை ஆசியக் கோப்பையை ஜெயித்த அணி. அந்தக் கத்தார் 10 ஆட்டத்தில் 13 புள்ளியோடு நாலாவது இடம். உஸ்பெகிஸ்தான் 21 புள்ளி, 6 வெற்றி, 3 டிரா, ஒரே ஒரு தோல்வி. ஈரானோடு இரண்டு ஆட்டமும் டிரா, தெஹ்ரானில் 2-2. பட்டியலின் உச்சியில் இருந்த ஈரானுக்கே 23 புள்ளிதான். சி பிரிவில் இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியாவுக்கு 19.

விகிதத்தையும் பாருங்கள். பழைய முறையில் 12 அணியில் 4 நேரடி. இப்போது மூன்றாவது சுற்றில் 18 அணியில் 6 நேரடி. இரண்டிலும் பிரிவில் முதல் இரண்டு இடத்துக்குள் வர வேண்டும். கூடுதலாகக் கொடுத்த சலுகை மூன்றாவது, நாலாவது வந்த அணிகளுக்கு வைத்த நாலாவது சுற்று. அந்தப் பக்கமே உஸ்பெகிஸ்தான் போகவில்லை. 2025 ஜூன் 5, அபுதாபியில் அமீரகத்துடன் 0-0, கோல் கீப்பர் யூசுபோவ் அன்று பிடித்த பிடியெல்லாம் மறக்க முடியாது, ஒரு ஆட்டம் மீதம் வைத்தே வேலையை முடித்துவிட்டார்கள்.

கணக்கு நோட்டு

சரி, அந்த 18ல் 6 என்ற கணக்கை நான் யோசிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். பிரிவில் பலம் குறைவு என்ற என் வாதத்தில் பாதி இன்னும் நிற்கிறது, ஆனால் 21 புள்ளிக்கு மேல் நான் பேச முடியாது.

ஆனால் 48 ஆக்கியதால் தகுதிச் சுற்றே உயிர் இழந்துவிட்டது என்ற என் வருத்தம் அப்படியே இருக்கிறது. தென் அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 10 அணி, 6 நேரடி, ஏழாவதுக்கு பிளே-ஆஃப். பிரேசில் இந்த முறை 28 புள்ளியோடு ஐந்தாவது இடம், அவர்கள் வரலாற்றிலேயே மோசமான தகுதிச் சுற்று இது, கோச்சை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், ஆனாலும் கடைசியில் யாருக்கும் நெஞ்சு படபடக்கவில்லை. 2017 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். கடைசி ஆட்டத்துக்கு முன் அர்ஜென்டினா ஆறாவது இடம். கீட்டோவில், கடல் மட்டத்திலிருந்து 2,800 மீட்டர் உயரத்தில், முதல் நிமிஷத்திலேயே எக்குவடோர் கோல் அடிக்கிறது. நான் அன்று விடிகாலை எழுந்து பார்த்தவன், வயிற்றில் கல் விழுந்த மாதிரி இருந்தது. அப்புறம் மெஸ்ஸி மூன்று கோல். அந்த மாதிரி ஒரு காலை இனி வருமா? பெரிய அணிக்குப் பயம் இருந்தால்தான் தகுதிச் சுற்று.

வியாசர்பாடி பெஞ்ச்

தலைவா, பெரிய அணிக்குப் பயம் போனது சரி. சின்ன அணிக்கு நம்பிக்கை வந்ததே, அதைக் கணக்கில் சேர்க்க மாட்டீர்களா? கேப் வேர்டே அக்டோபரில் பிரையாவில் எஸ்வாட்டினியை 3-0 அடித்து உள்ளே போனது. மொத்த மக்கள்தொகையே 5 லட்சத்துச் சொச்சம். எங்கள் வடசென்னையில் இரண்டு தொகுதி சேர்த்தாலே அந்தக் கணக்கு வந்துவிடும். குராசோ இன்னும் சின்னது, ஒன்றரை லட்சம் பேர், நவம்பரில் கிங்ஸ்டனில் ஜமைக்காவை 0-0 என்று தடுத்து நிறுத்திப் போயிருக்கிறார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்தீர்களா? ஜமைக்கா அடித்த பந்து போஸ்டில் பட்டுப் பட்டுத் திரும்பியது. நெஞ்சு படபடப்பு அங்கே இருந்தது.

சிரம்பான் திடல்

விங்கர் தம்பி கூப்பிட்டதால் வந்தேன். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

சிரியாவில் போர். அங்கே அனைத்துலகக் காற்பந்து நடத்த முடியாது. 2018 தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்துக்கு அவர்களின் சொந்தத் திடல் எங்கள் நாடுதான். 2016 செப்டம்பரில் எங்கள் சிரம்பானிலேயே கொரியாவோடு ஆடினார்கள், 0-0. வேலை முடிந்து நானும் என் மச்சானும் போனோம். கூட்டம் குறைவு. மலேசியாவில் படிக்கிற, வேலை செய்கிற சிரியாக்காரர்கள் ஒரு பக்கம் கொடியோடு. சொந்த ஊர் ஆட்டம் என்று பெயர், ஆனால் ஊரே இல்லை. அந்தக் காட்சி என்னை ரொம்ப நாள் விடவில்லை. அதற்கப்புறம் மலாக்காவுக்கு மாறினார்கள், நானும் அங்கே போக ஆரம்பித்தேன், சிரம்பானிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான்.

2017 மார்ச், ஹங் ஜெபாட் அரங்கம், எதிரணி உஸ்பெகிஸ்தான். 90 நிமிஷம் கோல் இல்லை. நடுவர் 90 நிமிஷத்துக்கு மேல் சேர்த்துக் கொடுத்த கூடுதல் நேரத்தில் சிரியாவுக்கு ஒரு பெனால்டி. ஒமர் கர்பின் ஓடி வந்து, பந்தை மெதுவாகக் கிள்ளித் தூக்கிப் போட்டார். கோல் கீப்பர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார், பந்து நடுவில் உள்ளே இறங்கியது. அந்த நேரத்தில் அப்படி அடிக்க என்ன துணிச்சல் வேண்டும்! நாங்கள் எழுந்து கத்தினோம். நான் அன்று சிரியா பக்கம், மறைக்கவில்லை.

ஆனால் அந்த ஒரு கோல் என்ன செய்தது என்பது செப்டம்பரில்தான் தெரிந்தது. கடைசி நாள், தாஷ்கண்டில் உஸ்பெகிஸ்தான் கொரியாவை ஜெயித்தால் நேராக ரஷ்யா போகலாம். 0-0. சரி, பிளே-ஆஃப் தரும் மூன்றாவது இடமாவது கிடைக்கும் என்று பார்த்தால், தெஹ்ரானில் சிரியா 1-2 என்று பின்தங்கியிருந்து கூடுதல் நேரத்தில் அல் சோமா அடித்து 2-2. இரண்டு அணிக்கும் 13 புள்ளி, கோல் வித்தியாசத்தில் சிரியா முன்னே. மலாக்காவில் அந்தப் பெனால்டி உள்ளே போகாமல் இருந்திருந்தால் பட்டியலே வேறு. அதன் பிறகு சிரியா ஆஸ்திரேலியாவிடம் சிட்னியில் கூடுதல் ஆட்ட நேரத்தில் தோற்றது, கடைசி நிமிஷத்தில் அல் சோமாவின் ஃப்ரீ கிக் போஸ்டில் பட்டது. அன்று இரவு நான் தூங்கவில்லை தம்பி. ஒரு அணியின் கனவு இன்னொரு அணியின் கனவை உடைத்துவிட்டு, அதுவும் உடைந்து போனது.

தோஹா நைட் ஷிஃப்ட்

சிரம்பான் அண்ணே, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான் என் கதையைச் சொல்கிறேன். 2024 ஜூன் 11, இங்கே தோஹாவில், கத்தார்-இந்தியா. ஜெயித்தால் முதல் தடவையாக மூன்றாவது சுற்று. கத்தார் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டதால் இளம் பையன்களை இறக்கியிருந்தது. லீவு கேட்டு வாங்கி, கம்பெனி பஸ்ஸில் கூடப் போகாமல் டாக்சி பிடித்துப் போனேன். 37வது நிமிஷத்தில் நம் சாங்டே கோல். எங்கள் பக்கத்தில் மலையாளி, பெங்காலி, தமிழன் என்று யாரும் யாரையும் பார்க்கவில்லை, கட்டிப் பிடித்துக்கொண்டோம். 73வது நிமிஷத்தில் நம் கோல் கீப்பர் குர்பிரீத் தடுத்த பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. முழுதாக வெளியே. கத்தார் ஆள் அதை உள்ளே இழுத்துப் போட, இன்னொருவர் அடித்தார். கோல் என்று கொடுத்துவிட்டார்கள். வீடியோ பார்த்து நடுவர் முடிவைத் திருத்தும் வி.ஏ.ஆர். அந்தச் சுற்றில் கிடையாது. நம் வீரர்கள் பாவம், எவ்வளவோ கேட்டுப் பார்த்தார்கள். அப்புறம் 85வது நிமிஷத்தில் இன்னொன்று, 2-1.

2005ல் தாஷ்கண்டில் நடந்ததற்கு ஃபிஃபா ஆட்டத்தையே மறுபடி நடத்தியது. நமக்கு அது கூட இல்லை. உஸ்பெக்காரர்களின் வலி எனக்கு நன்றாகப் புரியும்.

வியாசர்பாடி பெஞ்ச்

நைட் ஷிஃப்ட் அண்ணா, உங்கள் வலியைக் குறைத்துப் பேசவில்லை, நானும் அன்று டிவி முன்னால் அழுதவன்தான். ஆனால் இதை நாம் நேராகப் பேச வேண்டும். தோஹா கோல் அநியாயம். ஆனால் நாம் வெளியே போனது தோஹாவில் இல்லை, குவாஹாத்தியில்.

2024 மார்ச் 26. சொந்த மண். ஆப்கானிஸ்தான். நம் கேப்டன் சேத்ரியின் 150வது ஆட்டம், அவரே பெனால்டியில் கோல் அடித்து 1-0. 70 நிமிஷம் வரை நம் கையில். அப்புறம் 1-1, 88வது நிமிஷத்தில் பெனால்டி, 1-2. பிரிவில் முதல் இரண்டு அணிதான் மேலே போகும். கடைசிப் பட்டியலில் கத்தாருக்கு அடுத்து குவைத் 7 புள்ளி, நாம் 5. குவாஹாத்தியில் ஜெயித்திருந்தால் 8. தோஹாவில் அந்தக் கோலோடு தோற்றிருந்தாலும் நாம்தான் மேலே போயிருப்போம். அதே ஆப்கானிஸ்தானோடு அதற்கு ஐந்து நாள் முன்னால் சவுதியின் ஆபாவில் கோலே அடிக்காமல் 0-0. கொல்கத்தாவில் சேத்ரியின் கடைசி ஆட்டம், குவைத்தோடு அதுவும் 0-0. ஆறு ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தோம் அண்ணா. மூன்று.

உஸ்பெகிஸ்தானுக்கு அநியாயம் நடந்தபோது அவர்கள் ஆட்டத்தை ஜெயித்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் உலகக் கோப்பைக்குக் கடைசிக்கு முந்தின படியில். நாம் இரண்டாவது சுற்றில் நின்றோம். இரண்டையும் ஒன்றாக வைக்க எனக்கு மனசு வரவில்லை.

தோஹா நைட் ஷிஃப்ட்

தம்பி, நீங்கள் சொன்னது சரிதான். கணக்காகப் பார்த்தால் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பந்து வெளியே போனதை 50 அடி தூரத்திலிருந்து கண்ணால் பார்த்தவனுக்குக் கணக்கு ஆறுதல் தராது. இரண்டும் உண்மையாக இருக்கட்டும்.

குருநகர்ப் பெடியன்

தூத்தூர் அண்ணை, நீங்கள் எல்லாரும் இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று கதைக்கிறீர்கள். எங்களின் நிலையையும் ஒருக்கால் சொல்லவேணும். 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தைப் பீபா இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசியில்தான் தடையை எடுத்தார்கள். ஒக்டோபரில் முதற்சுற்று. ஏழு மாதம் தடையில் இருந்த அணி யேமனோடு ஆபாவில் இறங்கி 0-3. கொழும்பில் 1-1 சமநிலை, நல்லாய்த்தான் விளையாடினார்கள், ஆனால் எல்லாம் முடிந்துவிட்டது. 2026 உலகக் கிண்ணம் எங்களுக்கு இரண்டே ஆட்டத்தில் போய்விட்டது.

யேமனிலும் போர், அவர்களும் சொந்த மண்ணில் விளையாட இயலாமல் சவுதியில்தான் விளையாடினார்கள். அதை நினைத்தால் கோபப்படவும் முடியவில்லை. எங்களின் ஊரில் பின்னேரம் கடற்கரையில் பந்தடிக்கிற பெடியளுக்குக் கால்களில் என்ன குறை? ஆட்களுக்குள் சண்டை பிடித்துச் சங்கத்தைப் பூட்டினால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்.

மீனா இடதுகால்

பெடியன் தம்பி சொன்ன இடத்திலேயே நான் பிடித்துக்கொள்கிறேன். நான் ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லித் தருகிறேன், 14 வயதுக்குக் கீழ். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். உஸ்பெகிஸ்தான் எப்படிச் செய்தார்கள்? மக்கள்தொகை நம் தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பாதி. கடல் கிடையாது, சுற்றியுள்ள நாடுகளுக்கும் கடல் கிடையாது. பெரிய லீக் எதுவும் இல்லை. 7 தடவை தோற்ற பிறகு எட்டாவது தடவை என்ன மாறியது? அதிர்ஷ்டம் என்று சொல்லாதீர்கள், அதை வைத்து நான் பிள்ளைகளுக்கு எதுவும் சொல்லித் தர முடியாது.

தூத்தூர் விங்கர்

அக்கா, இதற்காகத்தான் இழையே தொடங்கினேன் என்று சொல்லலாம்.

அவர்கள் முதலில் தப்பான வழியில் போனார்கள். 2008ல் புன்யோத்கோர் என்ற தாஷ்கண்ட் கிளப் ரிவால்டோவைக் கூட்டி வந்தது. பிரேசில் அணியில் 2002 உலகக் கோப்பை ஜெயித்த ரிவால்டோ. கோச்சாக ஜீகோ, அடுத்து ஸ்கொலாரி. ஆசியாவே வாயைப் பிளந்தது. அதே வருடங்களில் தேசிய அணி என்ன செய்தது? 2010 தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்தில் 8 ஆட்டம், 4 புள்ளி, ஐந்து அணியில் ஐந்தாவது. அவ்வளவு பணமும் தேசிய அணிக்கு ஒரு புள்ளி கூட்டித் தரவில்லை.

மாறியது பையன்கள் பக்கம். 2012ல் 16 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை ஜெயித்தார்கள். 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 2013, 2015 இரண்டு தடவையும் காலிறுதி. 2018ல் 23 வயதுக்குட்பட்டோர் ஆசிய சாம்பியன். 2023ல் 20 வயதுக்குட்பட்டோர் ஆசிய சாம்பியன், அதே வருடம் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வெளியே அனுப்பினார்கள். 2024ல் பாரிஸ் ஒலிம்பிக், முதல் தடவை. 2025 ஏப்ரலில் 17 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம், சவுதி மண்ணில் சவுதிக்கு எதிராக, இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி 9 பேரோடு ஆடி 2-0.

ஒன்றைக் கவனியுங்கள் அக்கா. இளைஞர் அணியில் ஜெயிக்கிற நாடுகள் நிறைய உண்டு, அப்புறம் அந்தப் பையன்கள் காணாமல் போவார்கள். இவர்கள் அந்த இடைவெளியை அடைத்தார்கள். ஒலிம்பிக் என்றே பெயர் வைத்து ஒரு கிளப் உண்டாக்கி, இளம் பையன்களைச் சேர்த்து, நேராகப் பெரியவர்கள் ஆடும் லீக்கில் இறக்கிவிட்டார்கள். 19 வயதுப் பையன் பெஞ்சில் உட்காராமல் வாரா வாரம் 30 வயது ஆளோடு இடித்து ஆடுகிறான். இன்று மான்செஸ்டர் சிட்டியில் இருக்கும் குசானோவ், 2023ல் 20 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையில் சிறந்த வீரர் பரிசு வாங்கிய ஃபைசுல்லாயேவ், இருவரும் அந்தத் தலைமுறை. வெளிநாட்டு நட்சத்திரத்துக்குக் கொடுத்த பணத்தைவிட, சொந்தப் பையனுக்குக் கொடுத்த ஆட்ட நிமிஷங்கள்தான் வேலை செய்தன என்பது என் முடிவு.

அப்புறம் கபட்சே. அபுதாபியில் தகுதி பெற்ற அன்று கோச் அவர்தான். 2002 முதல் 2015 வரை தேசிய அணியில் ஆடியவர், அந்த 2005, 2013 காயமெல்லாம் அவர் காலத்தில்தான். ஒலிம்பிக் அணியை பாரிஸுக்குக் கூட்டிப் போனதும் அவரே. ஆட்டம் முடிந்த விசில் ஊதியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

மீனா இடதுகால்

ஆட்ட நிமிஷங்கள். இதைக் குறித்து வைத்துக்கொண்டேன் தம்பி. எங்கள் மாவட்டத்தில் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு நாலு போட்டி ஆட்டம் கிடைத்தால் அதிகம். தோற்றால் அன்றோடு வீட்டுக்கு. லீக் மாதிரி ஒன்று இல்லாமல் எந்தப் பிள்ளையும் தேறாது என்று நான் எத்தனையோ கூட்டத்தில் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் ஒரு கேள்வி. அந்தக் கபட்சேயைத் தூக்கிவிட்டு அக்டோபரில் கன்னவாரோவைக் கோச் ஆக்கினார்களே, அது மறுபடி ரிவால்டோ வழி இல்லையா?

தூத்தூர் விங்கர்

அது எனக்கும் பிடிக்கவில்லை அக்கா. கன்னவாரோ 2006ல் உலகக் கோப்பையைத் தூக்கிய இத்தாலி கேப்டன், மரியாதை உண்டு. ஆனால் பயிர் வளர்த்தவனை வரப்பில் நிறுத்திவிட்டு அறுவடைக்கு வேறு ஆளைக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது.

கணக்கு நோட்டு

இதில் நான் மாறுபடுகிறேன். ஆசியத் தகுதிச் சுற்று வேறு, ரொனால்டோ இருக்கும் போர்ச்சுகலை எதிர்கொள்வது வேறு. உலகக் கோப்பைக் களத்தின் அழுத்தத்தை உள்ளிருந்து பார்த்த ஒருவர் பெஞ்சில் இருப்பது பையன்களுக்கு நல்லது. ஜூனில் பார்ப்போம்.

அது இருக்கட்டும். ஆசியக் கூட்டமைப்பு நாலாவது சுற்றை நடத்திய விதத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆறு அணி, இரண்டு பிரிவு, பிரிவில் முதலில் வருபவர் நேராக உலகக் கோப்பைக்கு. பொது இடத்தில் நடத்த வேண்டியதைக் கத்தாரிலும் சவுதியிலும் வைத்தார்கள், போட்டியில் இருக்கும் அணிகளுக்கே ஹோம். தேதியைப் பாருங்கள்: அக்டோபர் 8, 11, 14. கத்தாரும் சவுதியும் 8ம் தேதியும் 14ம் தேதியும் ஆடின, நடுவில் ஐந்து நாள் ஓய்வு. ஈராக் 11ம் தேதி இந்தோனேசியாவோடு ஆடிவிட்டு மூன்றாவது நாளே ஜெத்தாவில் சவுதியோடு. 0-0. இருவருக்கும் 4 புள்ளி, ஒரே கோல் வித்தியாசம், அதிக கோல் அடித்ததால் சவுதி. இதைத்தான் நான் உண்மையான அநியாயம் என்பேன், நடுவர் தப்பு செய்வது மனிதத் தப்பு, அட்டவணை என்பது உட்கார்ந்து யோசித்துப் போட்டது.

சிரம்பான் திடல்

நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஈராக் விடவில்லை பாருங்கள். நவம்பரில் பஸ்ராவில் அமீரகத்தோடு, 90 நிமிஷத்துக்கு மேல் சேர்த்த நேரத்தின் 17வது நிமிஷத்தில் பெனால்டி, அல் அம்மாரி அடித்து 2-1. மார்ச்சில் பிளே-ஆஃப் இருக்கிறது. நான் ஈராக்குக்காக விழித்திருப்பேன்.

பாலஸ்தீனத்தையும் சொல்லாமல் போக முடியாது. அவர்களும் எங்கள் கோலாலம்பூரில் ஒரு ஹோம் ஆட்டம் ஆடினார்கள், ஜோர்டானோடு. சியோலில் போய்க் கொரியாவை 0-0 நிறுத்தியவர்கள். ஈராக்கை அம்மானில் 2-1. கடைசி நாள் ஓமனை ஜெயித்தால் நாலாவது சுற்று. 1-0 முன்னிலை, ஓமன் 10 பேர், 97வது நிமிஷத்தில் பெனால்டி, 1-1, முடிந்தது. ஓமன் 11, பாலஸ்தீனம் 10. அந்த வீரர்கள் தரையில் விழுந்து கிடந்ததை என் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, இவர்களுக்கு இன்னொரு ஆட்டம் கொடுக்க மாட்டார்களா" என்று கேட்டாள்.

வியாசர்பாடி பெஞ்ச்

சிரம்பான் அண்ணே, இதே பாலஸ்தீனம்தான் 2019 செப்டம்பரில் அல்-ராமில் சொந்த மக்கள் முன்னால் உஸ்பெகிஸ்தானை 2-0 என்று அடித்தது. உஸ்பெக்கின் ஏழாவது தோல்வி அங்கேதான் தொடங்கியது. ஆறே வருடத்தில் ஒருவர் உலகக் கோப்பையில், ஒருவர் 97வது நிமிஷத்தில் வெளியே.

விங்கர் அண்ணா, நீங்கள் சொல்ல மறந்த ஒன்று. 2013ல் பெனால்டியில் உஸ்பெக்கை அழ வைத்த ஜோர்டான், அதே ஜூன் 5ல் மஸ்கட்டில் ஓமனை 3-0, ஓல்வான் மூன்று கோல். பஸ்ராவில் கொரியா ஈராக்கை ஜெயித்ததும் ஜோர்டானும் தகுதி. 12 வருடம் கழித்து இரண்டு அணியும் ஒரே ராத்திரியில்.

தூத்தூர் விங்கர்

மறக்கவில்லை தம்பி, யாராவது சொல்வார்கள் என்று விட்டு வைத்தேன். ஜோர்டானுக்கு முதல் உலகக் கோப்பையிலேயே அர்ஜென்டினா பிரிவு.

உஸ்பெகிஸ்தானின் முதல் ஆட்டம் மெக்சிகோ சிட்டியில் கொலம்பியாவோடு. நமக்கு ஜூன் 18 காலை. எங்கள் ஊர் கிளப்பில் பெரிய திரை கட்டலாம் என்று பேசியிருக்கிறோம். மீனா அக்கா, உங்கள் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கும், முதல் பாதி மட்டுமாவது பார்க்கட்டும்.

மீனா இடதுகால்

தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் தம்பி. 22 பிள்ளைகள். சாப்பாடு நாங்களே கட்டிக்கொண்டு வருவோம்.